அம்பாசடரும் ஃபியட்டும்: டெல்டாவில் பழைய கார் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

ஒரே அறிகுறி இரண்டு கார்களிலும் வரும். அதற்கான காரணமும் அவசரமும் ஒன்றாக இருப்பதில்லை. அம்பாசடர் சூடேறினால் அடுத்த ஊர்ப் பட்டறை வரை உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு துணிச்சல் நம் ஆட்களுக்கு உண்டு. அதே துணிச்சலை பிரீமியர் பத்மினியிடம் காட்டினால் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்ப வேண்டிவரும். எனவே "என்ன கோளாறு" என்பதோடு "எந்தக் காரில்" என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். பத்மினியைக் காவிரிப் படுகை முழுக்க ஃபியட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இரண்டின் பூர்வீகம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரானது. ஃபியட் 1100 இத்தாலியப் பிறப்பு; மும்பை குர்லாவில் தயாராகி, 1970களின் நடுவில் பத்மினி என்ற பெயர் பெற்றது. நான் பேசப்போவது 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரையும் 1089 சிசி பெட்ரோல் ஃபியட்டையும் பற்றி மட்டுமே. 1990களில் வந்த இசுஸு எஞ்சின் அம்பாசடருக்கும் டீசல் வண்டிகளுக்கும் கீழே உள்ளவற்றில் பாதி பொருந்தாது.

அம்பாசடர் சுமார் 50 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவுக்கு மேல். ஃபியட் சுமார் 40 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் ஒரு குதிரை இழுக்க வேண்டிய சுமை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஓட்டும்போது அப்படித் தெரிவதில்லை. கும்பகோணத்துத் தேரோடும் வீதிகளில் ஃபியட் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆறு பேரையும் கல்யாணச் சீரையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போக வேண்டுமென்றால் அம்பாசடர்தான் முனகாமல் போகும். அதன் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஃபியட்டை அடிக்கடி கியர் மாற்றி ஓட்ட வேண்டும். மேடு பள்ளம் இல்லாத நாட்டில் இருவருக்கும் மலையேற்றச் சோதனை கிடையாது. இங்கே சோதிப்பவை நீர், உப்பு, பதர், வெயில், எலி.

மழை விட்ட காலையில் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் வரும் முதல் புகார் இது. பலர் நேரே கார்பரேட்டரைக் கழற்றப் போகிறார்கள். வேண்டாம், பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி வருகிறதா என்று முதலில் பாருங்கள். பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை மூடியிலிருந்து உருவுங்கள். காய்ந்த பிடியுள்ள கட்டிங் பிளேயரால் அதைப் பிடித்து, முனை எஞ்சின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஒழுகல் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். நீல நிறத்தில் சத்தத்துடன் பொறி தாவினால் காயிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்டும் நலம். கோளாறு மூடியிலோ அதற்குள் சுழலும் ரோட்டரிலோ பிளக் ஒயரிலோ பெட்ரோலிலோ இருக்கிறது. மஞ்சளாகச் சோர்ந்து தாவினால் பாயிண்டையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும். பொறியே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள்.

அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் பக்கவாட்டில் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. தேங்கிய நீரில் போனால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அங்கே எட்டுவது எளிது. மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். ஈரம் மட்டும் என்றால் பருத்தித் துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். உள்ளே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெல்லிய கருங்கோடு ஓடினால், மின்சாரம் அந்தக் கரி வழியே கசிந்திருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் அடுத்த மழையில் திரும்ப நிற்கும். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாரக்கணக்கில் ஓட்டாத வண்டியென்றால் பாயிண்ட் முகத்தில் பூஞ்சையாகப் படலம் கட்டியிருக்கும். மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு அருகில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு வையுங்கள். கார்பரேட்டரின் கிண்ணமும் வற்றிப்போயிருக்கும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும் என்பதால், நீண்ட நேரம் செல்ஃப் போட்டு பேட்டரியைச் சாகடிக்கிறோம். பம்ப்பின் பக்கத்தில் கைநெம்பு இருந்தால் அதை விரலால் இயக்கிக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, அதன்பின் செல்ஃப் போடுங்கள்.

எஸ்.யு. கார்பரேட்டர் இருக்கும் பழைய அம்பாசடரில் இன்னொரு சோதனை உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளிருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக்கென்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் அதன் அறையைத் துடைத்து, மேலே உள்ள திருகைத் திறந்து எண்ணெய் அளவைப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றவேயில்லை

"டிக்" என்ற ஒற்றைச் சத்தம் வந்து ஹெட்லைட் மங்கினால் பேட்டரியோ அதன் இணைப்போ குற்றவாளி. ஹெட்லைட் பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகியுங்கள். புதுப் பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன், எர்த் பட்டை எஞ்சினையும் பாடியையும் தொடும் இடங்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். கடற்காற்று வீசும் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தப் பட்டையோடு முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ வைத்த வண்டி மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏற்றுவதில்லை. இரவில் ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டுக் காலையில் பேட்டரியைத் திட்டினால் என்ன நியாயம்? ஆல்டர்னேட்டர் மாற்றிக்கொள்ளுங்கள். அசல் தோற்றம் கெடும் என்று முகம் சுளிப்பவர்கள் கண்காட்சிக்கு வண்டி வைத்திருப்பவர்கள். அவர்கள் வழி வேறு. செல்ஃபுக்குப் பதில் அம்பாசடர் எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுற்றுவதானால் கட்டைவிரலைக் கைப்பிடிக்குமேல் மடக்கிப் பிடிக்காதீர்கள். மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் எலும்பு தப்பிக்கும்.

சூடேறுகிறது

இதில்தான் இரண்டு கார்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அம்பாசடரில் சிலிண்டர்கள் உள்ள புளாக், அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஃபியட்டின் புளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், சீக்கிரம் வளைந்தும் போகும். ஆகவே ஃபியட்டில் முள் சிவப்பை நெருங்கியதுமே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். "அந்தப் பாலம் வரைக்கும்" என்ற பேச்சே கூடாது. அம்பாசடர் சற்றுப் பொறுக்கும். அதற்காகப் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி ஆறவிட்டு, தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் ஹெட் விரிசல் விடலாம்.

அடுத்து, எப்போது சூடேறியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோதா, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனபோதா? நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் வெளிப்புறம் அடைத்திருக்கும். வேகத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கும், சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கும், அல்லது கீழ் ஹோஸ் பைப் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது அந்த ஹோஸைக் கவனியுங்கள். ஒட்டுவது கண்ணுக்கே தெரியும். பொறி விழும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருந்தாலும் சூடு ஏறும், கூடவே இழுவையும் குறைந்திருக்கும்.

தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்து வண்டியென்றால் யோசிக்கவே வேண்டாம், ரேடியேட்டர் முகப்பைப் பாருங்கள். சாலையில் காயும் நெல்லும் பறக்கும் பதரும் தூசியும் துடுப்புகளுக்கிடையே நெய்த பாயாக அடைத்திருக்கும். முன்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினால் அது இன்னும் உள்ளே போய் இறுகும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டு வெளியே தள்ளுங்கள். அப்படியே வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் ஓட்டியிருந்தால் பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டிருக்கும், சைலன்ஸர் குழாயிலும் ஒட்டியிருக்கும். சூட்டில் அது பற்றிக்கொள்ளும் அபாயம் உண்மையானது. வைக்கோலைக் கண்டால் வளைத்துப் போங்கள். முடியாவிட்டால் தாண்டியதும் நிறுத்திப் பிடுங்கிப் போடுங்கள்.

உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமே ஊற்றும் தண்ணீர்தான். கடலோர வட்டாரங்களில் கிணற்று நீர் உப்பு. அதை ஊற்றிக்கொண்டே வந்தால் பித்தளை ரேடியேட்டரும் அடைக்கும், ஃபியட்டின் அலுமினிய ஹெட்டில் தண்ணீர் வழிகளும் அரித்துப்போகும். காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவது அம்பாசடருக்கு நல்ல பழக்கம், ஃபியட்டுக்குக் கட்டாயம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் ஹெட்டுக்கும் புளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால், அல்லது ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் தெரிந்தால், சந்தேகம் உறுதி. ஃபியட்டில் கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிடம், ஹெட்டின் முகத்தில் நேர்க்கோல் வைத்து வளைவு பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். பார்க்காமல் மூடினால் புதுக் கேஸ்கெட்டும் அதே இடத்தில் போகும்.

ஓடி வந்து நிறுத்தியபின், பத்து நிமிடம் கழித்துப் பிடிக்கவில்லை

சித்திரை வெயிலில் டீக்கடை வாசலில் நடப்பது. அம்பாசடரில் கார்பரேட்டரும் சைலன்ஸர் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வண்டி ஓடும்போது காற்று காப்பாற்றும். நின்றதும் கீழிருந்து வரும் அனலில் பெட்ரோல் ஆவியாகிவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி போடுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் போடுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிளக் நனைந்து நிலைமை மோசமாகும். துணி போட்டும் பிடிக்கவில்லையென்றால் முன்பு சொன்ன பொறிச் சோதனையை அப்போதே செய்யுங்கள். சூட்டில் மட்டும் செத்துப்போகும் காயிலும் கண்டென்சரும் உண்டு. வண்டி ஆறியபின் பட்டறைக்குப் போனால் அவை யோக்கியமாக நடிக்கும்.

இழுவை குறைந்தது, மைலேஜும் குறைந்தது

2023-இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் இன்று எங்கு போனாலும் ஊற்றுகிறார்கள். எத்தனாலில் எரிசக்தி குறைவு, ஆகவே மைலேஜில் கொஞ்சம் குறைவது வண்டியின் குற்றமல்ல. அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் உள்ளன. பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிப் போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்க்கோடு கொட்டகையில் நிற்கும் வண்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஃபில்டர் கிண்ணத்தில் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்க்கை வடித்துவிடுங்கள். எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. அதிகம் ஓட்டாதவர்கள் மழைக்காலத்துக்கு முன் டேங்க்கை நிரப்பி வையுங்கள். காலியிடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

பெட்ரோல் சரியாக இருந்தும் இழுக்கவில்லையென்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். இந்த இடத்தில் அம்பாசடர்தான் நோஞ்சான். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்குக் காப்பாக இருந்தது. அம்பாசடரில் வால்வு நேரடியாக ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே உட்காருகிறது. தொடர்ந்து வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் நடுவில் விடும் சந்து) அடிக்கடி சுருங்குவதே இதன் முதல் அறிகுறி. டேப்பெட் சத்தம் இல்லை, எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் இல்லாத டேப்பெட்தான் எரிந்த வால்வுக்கு முன்னோடி. ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் கடினமான வால்வு சீட் பொருத்தச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் தொடக்கத்திலேயே தனி சீட் பொருத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் ஃபியட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சைலன்ஸர் புகையைப் பற்றிச் சுருக்கமாக: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலம் என்றால் வால்வு சீல், இழுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங்.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பிடிக்கவில்லை

இரண்டின் பழைய மாடல்களிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். தண்ணீரைக் கடந்ததும் சில நூறு மீட்டர் பெடலை இலேசாக அழுத்தியபடி மெதுவாக ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். காய்ந்தபின்னும் ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து வீல் சிலிண்டர்தான் துருவில் இறுகி வேலை செய்யாமல் இருக்கும். பெடல் பஞ்சாக இருந்தால் காற்று. காலை வைத்திருக்க வைத்திருக்கத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று என்பதால் ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். இந்த ஓர் அறிகுறியில் மட்டும் எந்தக் கார் என்ற பேச்சே இல்லை, வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள்.

ஸ்டியரிங்கில் ஆட்டம்

ஃபியட்டில் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருந்து வரும். ஓரளவு திருகி இறுக்கலாம். அதிகமாக இறுக்கினால் நேரே ஓடும்போது லேசாகவும் திரும்பும்போது கனமாகவும் இருக்கும், அது இன்னும் ஆபத்து. அம்பாசடர் ரேக் அண்ட் பினியன் வகை. அதில் ஆட்டம் வந்தால் டை ராடு முனைகளையும் முன்சக்கரத்தைத் தாங்கும் பின்களையும் ஆட்டிப் பாருங்கள். இந்தப் பின்களுக்கு கிரீஸ் நிப்பிள் உண்டு. நீரில் இறங்கிய வண்டிக்கு அன்று மாலையே, பழைய கிரீஸும் சேறும் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடிக்க வேண்டும். ஒரு சின்ன கிரீஸ் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் பட்டறைக்காரர் தயவு வேண்டாம்.

திடீரென்று ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை

அறுவடை முடிந்த வயலிலிருந்து கொட்டகைக்குக் குடிபெயரும் எலிகளின் வேலை. ஃபியூஸை மாற்றியதும் மறுபடி எரிந்தால் மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள், தடித்த கம்பி சுற்றவும் சுற்றாதீர்கள். டாஷ்போர்டுக்கு அடியிலும் பானெட்டின் பின்சுவரிலும் ஒயர் கடிபட்ட இடத்தைத் தேடுங்கள். பழைய அம்பாசடரில் ஃபியூஸ்கள் மிகக் குறைவு; ஒன்று போனால் சம்பந்தமில்லாத பல பொருட்கள் ஒன்றாக நிற்கும். அதைக் கண்டு பல கோளாறுகள் என்று மிரள வேண்டாம். ஹெட்லைட்டுக்குத் தனி ரிலேவும் ஃபியூஸும் போட்டுக்கொள்வது மலிவான காப்பு.

கதவு சரியாக மூடவில்லை

கீல் தேய்ந்திருக்கலாம். ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதவின் இடைவெளி மாறினால் கீல் காரணமல்ல, அடித்தகடு துருத் தின்றுவிட்டது. இரண்டு கார்களுக்கும் தனிச் சட்டம் கிடையாது; தகரமே எலும்பு. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியையும் பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பெயிண்ட் கடையை மறந்துவிட்டு வெல்டரைத் தேடுங்கள். பழைய ஃபியட் வாங்கப்போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எஞ்சின் சாமான் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும், அடித்தகடு அகப்படாது.

தண்ணீரில் நின்ற வண்டி

எவ்வளவு ஆசை வந்தாலும் செல்ஃப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். சிலிண்டரில் நீர் இருந்தால் பிளக் துளை வழியே வெளியேறும். எஞ்சின் ஆயிலை முழுக்க வடித்து மாற்றுங்கள். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். கியர் பாக்ஸிலும் பின் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியலிலும் மூச்சுத்துளை வழியாக நீர் போயிருக்கும், அந்த ஆயில்களையும் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் சில மாதம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வரும், அப்போது பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும். சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள், டிரம்களைத் திறந்து சேற்றைக் கழுவிக் காய வையுங்கள், டேங்க்கை வடியுங்கள். கிளட்ச் தட்டு துருவில் ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் போனால், கியர் பெட்டியை இறக்குவதற்கு முன், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கிளட்ச்சை மிதித்தபடி வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே விட்டுக்கொடுக்கும்.